கண்ணாடி மறைத்தால் காலை எடு

என் ராசாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அப்பா ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். நான்தான் பிரித்தேன். இரண்டு தடவை படித்தேன். அப்புறம் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். இன்றைக்கு வெள்ளி. இன்னும் அங்கேதான் இருக்கிறது. உன் அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது, "மெட்ராஸ்ல இருந்து ஏதும் வந்துதாட்டி?" என்று கேட்கிறார். நானும் தினமும், "தபால்காரனுக்குச் சாரல்ல நனைய மனசில்ல போல" என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வயசில் எனக்கு இது தேவையா?

கல்யாண வேலை குறையில்லாமல் நடக்கிறது. ஆய்க்குடிச் சம்பந்தி வீட்டார் போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனார்கள். பெண்ணுக்குச் சேலை எடுத்தாகிவிட்டது. ஆடி பிறந்த நாள் முதல் சாரல் விடவில்லை; துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை. குற்றாலத்தில் கூட்டம் நெரிகிறது. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஏழு எட்டு நடை ஓடுகிறது. எல்லாம் நல்ல சேதிதான். உன் கடிதம் மட்டும்தான் தொண்டையில் மாட்டிக்கொண்ட முள்ளாக இருக்கிறது.

மாப்பிள்ளை அழைப்புக்கு மெட்ராஸிலிருந்து சிநேகிதனின் வண்டி வருகிறது, மேல்கூரையைத் திறந்து மூடுகிற வண்டி, எட்டு சிலிண்டர், இருநூறு குதிரைச் சக்திக்கு மேல், கல்யாணம் முடிந்ததும் அதை நீயே வாங்கிக்கொள்ளப் போகிறாய் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நன்றாக வாங்கு. அதற்கடுத்து எழுதியிருக்கிறாயே ஒரு வரி: "அப்பா வண்டி வேண்டாம், அப்பா ஓட்டவும் வேண்டாம். அந்த டீசல் சத்தத்தில் ஊர்வலம் போனால் ஊரே சிரிக்கும். நீ கயிறு இழுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பெண் வீட்டார் பார்க்க வேண்டாம்." இதை நான் எப்படி ராசா அவருக்கு வாசித்துக் காட்டுவேன்? போன வாரம்தான் அவர் முன் பம்பரைக் கழற்றிக் கொண்டுபோய் நிக்கல் முலாம் பூசி வந்தார். பூக்காரரிடம், பானெட்டை மூட எத்தனை முழம் பிச்சிப்பூ ஆகும் என்று விசாரித்து வைத்திருக்கிறார். சீட்டுக்குப் புதுத் துணி தைத்தாகிவிட்டது. அவருக்குக் கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை, நான் சமாளிப்பேன். வராது. "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுவார். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

அதனால் உனக்கு ஒன்றைச் சொல்லப் போகிறேன். பதினோரு வருஷமாகச் சொல்லாததை. சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறுகிற பாவம் என்னோடு போகட்டும்.

அந்தப் பச்சை பிளஷர் கார் நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. ஞாபகம் இருக்கும். மலை மேல் எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது, தன்னிடம் பத்து வருஷம் டிரைவராக இருந்த உன் அப்பாவுக்கே குறைந்த விலைக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். நூறு குதிரை. வி-எய்ட். தென்காசி முழுக்க அப்போது இருந்த வாடகை வண்டியெல்லாம் நாலு சிலிண்டர்தான். நம் வண்டி ஸ்டார்ட் ஆனால் கீழ்த் தெருவில் கேட்கும். நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து பானெட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாய். சூடு தாங்காமல் கன்னம் சிவந்து வரும், நான் திட்டுவேன். உனக்கு மட்டும்தான் அந்த ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஏலே, நீ வெளியே நின்று கன்னத்தை வைத்தாய். நான் அடுப்படியில் நின்று காதை வைத்தேன்.

ஒரு நாள் தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் வண்டியை ஓடவிட்டு அப்பா துடைத்துக்கொண்டிருக்கிறார். சத்தத்தில் ஒரு நொண்டல். "என்னங்க, எட்டுல ஒண்ணு அடிக்கலியே" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தார். ஒன்று கரி பிடித்துக் கிடந்தது. "ஏட்டி, அங்கன இருந்துக்கிட்டு எப்படிட்டி சொல்லுத?" என்று கையில் கரியோடு அடுப்படிக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து கார்பரேட்டரைத் திருகினாலும், பிளக் மாற்றினாலும், "இப்போ எப்படி இருக்கு?" என்று என்னைத்தான் கேட்பார். மெக்கானிக்கைக் கேட்கமாட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அந்த வண்டி, அவள் குடித்த பெட்ரோலை மட்டும் கேட்காதே. ஒரு காலன் ஊற்றினால் பன்னிரண்டு மைல் போவாள், ஏற்றம் என்றால் அதுவும் இல்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலையேறினால் இரண்டு இடத்தில் ரேடியேட்டர் கொதிக்கும்; ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஆறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். டயர் ஒரு சீசனுக்கு மேல் தாங்காது. ஒரு சின்ன கேஸ்கட் போனால் பம்பாய்க்கு எழுதிப் போட்டு மாசக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐப்பசிக்கு மேல் குற்றாலத்தில் ஆள் இல்லாத நாளில், அவளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு அப்பா கடன் சொல்லிக் கடையில் பருப்பு வாங்கி வந்ததும் உண்டு. ஆனாலும் அடுத்த சாரல் எப்போது விழும், அவளை எப்போது வெளியே எடுக்கலாம் என்று இரண்டு பேருமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். உனக்கு இந்தச் செலவெல்லாம் புரியும் என்று எனக்குத் தெரியும். புரிந்தும் வாங்கத்தான் போகிறாய். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால் தடுக்கவில்லை.

உன்னைப் பாளையங்கோட்டை விடுதியில் சேர்த்த வருஷம். சீசன் நேரத்தில் விடிகாலை ரயிலில் வருகிற குடும்பங்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் விடுவது அப்பாவின் முதல் நடை. முன் சீட்டில் இடம் இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்வார். கூட்டம் வருவதற்குள் பெண்கள் பக்கம் அருவியில் குளித்துவிட்டு, காலி வண்டியில் திரும்பி வருவேன். அப்படி ஒரு நாள் இலஞ்சி தாண்டி, நேர் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "நீ ஓட்டிப் பாக்கியா?" என்றார்.

"நானா? ஊரு சிரிக்காதா?"

"ஊரு இன்னும் எந்திரிக்கல. இந்தப் பக்கம் வா."

ராசா, நான் வயசுக்கு வந்த நாளிலிருந்து ஓடினதில்லை. பொம்பளப் பிள்ளை ஓடக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது, படியில் தாவக் கூடாது. பதிமூன்று வயதில் நிறுத்திய ஓட்டம். முப்பத்தைந்து வயதில், ஈரத் தலையோடு, பச்சை பிளஷரின் ஆக்சிலரேட்டரில் காலை வைத்தேன். முதுகு சீட்டோடு ஒட்டியது. இரண்டு பக்கமும் வயல் பின்னால் ஓடுகிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா, "ஏட்டி, ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு" என்கிறார். அவருக்கும் சிரிப்பு. நீ அந்த சிநேகிதன் வண்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாயே, மிதித்தவுடன் வயிற்றுக்குள் ஏதோ ஆகிறது, அதைச் சொல்லத் தெரியவில்லை என்று. எனக்குச் சொல்லவே வேண்டாம், அந்த வயிறு எனக்கும் இருக்கிறது. நீ அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்ட ஆசை என்று ஊர் சொல்கிறது. இல்லை. அது என்னிடமிருந்து வந்தது.

அந்த வண்டியின் வைப்பரைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கதை அதில்தான் இருக்கிறது. அந்தக் கால அமெரிக்க வண்டியில் வைப்பருக்குத் தனி மோட்டார் கிடையாது. எஞ்சின் உள்ளே காற்றை உறிஞ்சுகிறதே, அந்த உறிஞ்சலில்தான் வைப்பர் ஆடும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் உறிஞ்சல் குறைந்துபோகும், வைப்பர் அப்படியே கண்ணாடி நடுவில் நின்றுவிடும். காலை எடுத்தால் மறுபடியும் ஆடும். வேகமாகப் போகப் போக முன்னால் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் வேகத்தை விட வேண்டும். முதல் நாளே அப்பா சொல்லிக் கொடுத்தது இதுதான்: "கண்ணாடி மறைச்சா காலை எடு. பயப்படாத, வண்டி நிக்காது, ஓடத்தான் செய்யும். காலை எடுத்தாத்தான் வைப்பர் ஆடும்." வேறு ஊர்க்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. வருஷத்தில் மூன்று மாசம் சாரலில் வண்டி ஓட்டுகிற நமக்கு அதுதான் உயிர்.

இருபது நாள் ஓட்டியிருப்பேன். எனக்குத் தலைக்கு மேலே கொம்பு முளைத்துவிட்டது. அன்றைக்கும் அதே ரோடு, அதே விடிகாலை. வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் பொடிச் சாரல் சல்லடையாக விழுந்துகொண்டிருக்கிறது. வண்டி அறுபது மைலைத் தொட்டது. வைப்பர் நின்றது. கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. அப்பா சொன்னார், "ஏட்டி, காலை எடு." எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. ஆனால் எடுக்க மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு நிமிஷம் என்று இருந்தது. இரண்டாம் தடவை, "காலை எடுட்டி!" என்று கத்தினார். அதற்குள் எதிரே பலாப்பழம் ஏற்றிய மாட்டுவண்டி, மாட்டின் கொம்பு மட்டும் கண்ணாடியில் தெரிகிறது. நான் திகைத்துப்போய் ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் எட்டி ஸ்டீரிங்கைத் தன் பக்கம் இழுத்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, இடது பக்கம் புளியமரத்தில் போய் மோதியது. இடது பக்கம், அவர் உட்கார்ந்திருந்த பக்கம்.

எனக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். அவருடைய இடது மணிக்கட்டு கதவுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் மாட்டி, பார்க்கச் சகிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த மனுஷர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? வலது கையால் என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏட்டி, இறங்கு. இந்தப் பக்கமா வந்து நில்லு. நீ பின்னால உக்காந்திருந்த, நான்தான் ஓட்டினேன். புரியுதா?" என்றார். நான் இறங்கியதும், ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மாட்டுவண்டிக்கார அண்ணாச்சி ஓடி வந்தார். எல்லாவற்றையும் பார்த்தவர். என் ஈரத் தலையைப் பார்த்தார், சீட்டில் இருந்தவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல தாயி. சாரல்ல கண்ணே தெரியல" என்று சொல்லிவிட்டு, அப்பாவைத் தூக்கி வண்டியில் பலாப்பழத்துக்கு நடுவில் படுக்க வைத்தார். கடைசி வரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனுஷர்.

லைசென்ஸ் இல்லாதவள் கையில் வண்டியைக் கொடுத்தால் அப்பாவின் லைசென்ஸ் போகும், பிழைப்பு போகும் என்பது ஒரு பக்கம். ஊர் வாய் என்பது இன்னொரு பக்கம். பெண்டாட்டி பிளஷர் ஓட்டி மரத்தில் விட்டாள் என்று தென்காசி முழுக்க மென்று தின்றிருப்பார்கள். அதனால் பத்து வருஷம் துரைக்கு ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய டிரைவர், விடிகாலையில் தூங்கிப்போய் மரத்தில் விட்டான் என்று பெயர் வாங்கினார். கட்டுப் போட்ட கை கோணலாகவே கூடியது. நம் வண்டிக்கு கியர் ஸ்டீரிங்கிலேயே, இடது கைப் பக்கம். இன்றைக்கும் கியர் மாற்றும்போது அவர் ஒரு நொடி தயங்குவதைப் பார்த்திருப்பாய். தடவித் தடவி ஓட்டுகிறார் என்று நீ சிரிப்பாயே, அது இதுதான்.

இப்போது எஞ்சினை மாற்றிய கதைக்கு வருகிறேன். நீ அவரை மன்னிக்காதது அதற்குத்தானே. ஒன்றரை மாசம் கழித்து வண்டி ரிப்பேர் முடிந்து வந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் வாசலில் ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் கையிலிருந்து குழம்புச் சட்டி நழுவிவிட்டது. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. எந்தச் சத்தத்தில் எட்டில் ஒன்று அடிக்காததைக் கண்டுபிடித்தேனோ, அதே சத்தம். நாலாம் நாளிலிருந்து, ஸ்டாண்ட் பையன்கள் இரண்டு பேரை வரச் சொல்லி, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கே ஸ்டார்ட் செய்ய ஆரம்பித்தார். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். ஒடிந்த கையோடு. ஒரு மாசம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு ஒரு நாள், கோயம்புத்தூர் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தெருவில் ஏதோ நெல் குத்துகிற மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால் நம் பச்சை பிளஷர். பழைய வேனிலிருந்து கழற்றிய நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், தொழுவத்தில் கட்டின மாடு மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியெல்லாம் அதிர்கிறது, புகை தெரு முழுக்க. "காலனுக்கு முப்பது மைலுக்கு மேல குடுக்குது. பெட்ரோல் இனிமே கட்டாதுட்டி" என்றார். ஊருக்கும் அதைத்தான் சொன்னார். அது பொய்யில்லை. உன் எஞ்சினியரிங் படிப்பு முழுக்க அந்த நாலு சிலிண்டர் சம்பாதித்ததுதான். ஆனால் காரணம் அது இல்லை. அந்த மனுஷர் உயிரை வைத்திருந்த எஞ்சினை எனக்காகக் கழற்றினார். அன்றைக்கு ராத்திரிதான் நான் கிட்டத்தட்ட மூன்று மாசத்துக்கு அப்புறம் அசந்து தூங்கினேன்.

டீசலுக்கு அந்த உறிஞ்சல் கிடையாது. வைப்பர் செத்துப்போயிற்று. கரண்டில் ஓடுகிற சின்ன மோட்டார் ஒன்று மாட்டிவிடலாம் என்று அப்பா சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். வைப்பரில் கயிறு கட்டி, ஜன்னல் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே விட்டு, நான் முன் சீட்டில் உட்கார்ந்து இழுக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சரி என்றார். அன்று முதல் ஒவ்வொரு சீசனிலும் சாரல் விழுகிற நாளெல்லாம் நான் இழுக்கிறேன். பெண்டாட்டியைக் கயிறு இழுக்க வைத்துப் பிழைக்கிறான் என்று ஸ்டாண்டில் பேசுவார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய். யாரும் என்னை வைக்கவில்லை ராசா. அன்றைக்கு நான் கண்ணாடியைத் துடைக்க விடவில்லை. அதனால் இப்போது துடைக்கிறேன்.

என் பெரிய தப்பு மரத்தில் மோதியது இல்லை. அதற்கப்புறம் நடந்தது. காலாண்டு லீவுக்கு நீ பாளையங்கோட்டையிலிருந்து வந்தாய். ஜங்ஷனில் இறங்கி, அப்பா பானெட்டைத் திறந்து காட்டியதும் உன் முகம் போன போக்கை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், மடியில் கயிறு.

"எப்பா, நூறு குதிரையைத் தள்ளிப்புட்டு ஒரு எருமையைக் கொண்டாந்து கட்டிருக்கியளே!"

அப்பா சிரித்தார். "எருமைதாம்லே பால் குடுக்கும்."

"ஒரு தடவ மரத்துல முட்டுனதுக்கு இம்புட்டுப் பயமா? பயந்தாங்குளி!"

ஸ்டாண்டில் ஆறேழு டிரைவர் நின்றார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளை, அப்பனைப் பார்த்து. அவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணால், "பேசாத" என்றார். நான் பேசவில்லை. அங்கேயே இறங்கி, "ஏலே, மரத்தில் முட்டியது நான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாய். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அந்த வண்டியில் ஏறவில்லை. லீவுக்கு வந்தாலும், "சாப்பிட்டியளா" என்பதற்கு மேல் அவரிடம் பேசுவதில்லை. ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அப்புறம் என் மகன் முன்னால் நான் சிறுத்துப்போவேனே என்று வாயை மூடிக்கொள்வேன். உன் கண்ணில் என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு, அவருடையதைச் செலவழித்தேன். பதினோரு வருஷம்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று இதை எழுத உட்காரவில்லை. ஆனாலும் தாயாயிற்றே, இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புது எஞ்சினில் வால்வெல்லாம் சிலிண்டருக்கு மேலே வந்துவிட்டது, முந்நூறு குதிரைகூட வெளிநாட்டில் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். வரட்டும். இன்னும் நூறு வரட்டும். வைப்பருக்கும் தனி மோட்டார் வந்துவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் நிற்காது. அதுதான் எனக்குப் பயம். நம் வண்டி மிதிக்கிறவளின் கண்ணை மறைத்து, நீ ரொம்பப் போகிறாய் என்று காட்டிக்கொடுத்தது. உன் வண்டி காட்டிக்கொடுக்காது. நீயேதான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் உன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்து, காலை எடுங்கள் என்று சொன்னால், முதல் தடவையே எடு. அவளுக்கு ஓட்ட ஆசை இருந்தால், லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துப் பட்டப்பகலில் ஓட்டச் சொல். ஒளித்து வைத்துக் கற்றுக் கொடுக்காதே. வேகத்தின் மேல் எனக்கு இன்னும் வெறுப்பு இல்லை. உன் வண்டி வந்ததும் நான் ஒரு நடை ஏறிப் பார்ப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. பழைய எஞ்சின் கொட்டகையில் கோணி போட்டு மூடிக் கிடக்கிறதே, அதை நல்ல விலைக்குக் காயலான் கடையில் போடத்தான் அப்பா வைத்திருக்கிறார் என்று நீ ஒரு தடவை சொன்னாய். ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர் கோணியை விலக்கி, எட்டு பிளக்கையும் கழற்றி, எட்டு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றிவிடுவார். துருப்பிடித்து இறுகிவிடக் கூடாது என்று. அந்தக் கோணல் கையை வைத்துக்கொண்டு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் முதலில் அதற்குத்தான். இத்தனை வருஷமும் உனக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று ஆடி அமாவாசை. உன் கடிதம் அரிசிக்குள் கிடக்கிற வேதனையில் நான் கொட்டகைக்குப் போய், "எதுக்குங்க இந்தக் கஷ்டம்? அவன் வேற வண்டி வாங்கிக்கிடுவான். அவனுக்கு இது வேண்டாம்" என்றேன்.

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "அவனுக்குன்னு யாரு சொன்னா?" என்றார்.

"பின்ன யாருக்கு?"

"நீ என்னைக்காவது கேப்பன்னு வச்சிருக்கேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் ராசா. அவருக்கு அழுகை என்றால் என்ன செய்வதென்று தெரியாது. எண்ணெய்த் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன், முகமெல்லாம் எண்ணெய்.

அந்தக் கடிதத்தை இன்றைக்கு அடுப்பில் போட்டுவிடப் போகிறேன். நீ எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வேறு ஒன்று எழுது, அப்பா பெயருக்கு. பெரிதாக எதுவும் வேண்டாம், நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். "அப்பா, மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டி, நீங்கதான் ஓட்டணும்" என்று ஒரு வரி போதும். சிநேகிதன் வண்டி பின்னால் வரட்டும், எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. ஆவணியிலும் இங்கே சாரல் இருக்கும். பழைய கயிறு இற்றுவிட்டது, புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். ஊர்வலத்தில் நீ முன் சீட்டில் உன் அப்பா பக்கத்தில் உட்கார். இந்த ஒரு தடவை கயிற்றை நீ இழு.

உன் அம்மா